கருமைப் புனைகதையும் பெண் எழுத்தாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுதப்பட்டவை அனைத்தும் இலக்கிய வரலாற்றில் இடம்பெறுவதில்லை. எவை பேணப்பட்டன, எவை மீண்டும் அச்சேறின, எவை எப்பெயரால் வகைப்படுத்தப்பட்டன என்பவற்றைப் பொறுத்தே அவ்வரலாறு உருவாகின்றது. பேரிலக்கியங்களைப் பொறுத்தவரை இது பலரும் ஒப்புக்கொண்ட உண்மையாகும். வெகுசன வாசிப்பை நோக்கி எழுந்த இலக்கிய வகைகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ச்சியுற்ற கருமைப் புனைகதை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்க இலக்கியத்தைச் செம்பதிப்புகளாக வெளியிட்டுவரும் ‘லைப்ரறி ஒஃப் அமெரிக்கா’ என்னும் பதிப்பகம் 1997 ஆம் ஆண்டில், 1930கள் முதல் 1950கள் வரையான கருமைக் குற்ற நாவல்களை இரு தொகுதிகளாகக் கொணர்ந்தது. அவற்றில் இடம்பெற்ற நாவல்கள் 11. அவற்றுள் பெண்ணொருவர் எழுதியது ஒன்றே. அது பற்றீசியா ஹைஸ்மித் 1955 இல் எழுதிய ‘த டலன்ற்றட் மிஸ்டர் றிப்ளி’ என்னும் நாவலாகும். இத்தொகுதிகளை மட்டும் நோக்கும் ஒருவர், இவ்வகை இலக்கியம் முற்றாக ஆண்களின் ஆக்கமே என்னும் முடிவுக்கு வருதல் இயல்பு.

ஆயின் அக்காலத்துப் பதிவுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் சிறந்த நாவலுக்கான எட்கர் விருதினை 1954 முதல் வழங்கி வருகின்றது. 1954 தொடக்கம் 1960 வரையான ஏழு ஆண்டுகளில் நான்கு முறை அவ்விருதினைப் பெற்றோர் பெண்களே. 1954 இல் அவுஸ்திரேலியரான சார்லற் ஜேயும், 1956 இல் மார்கிறற் மில்லரும், 1957 இல் சார்லற் ஆம்ஸ்றோங்கும், 1960 இல் ஆங்கிலேயரான சீலியா ஃபிறெம்லினும் அதனைப் பெற்றனர். இவர்களின் விருது பெற்ற நாவல்கள் யாவும் கருமைப் புனைகதைகள் என்பதற்கில்லை. எனினும், குற்றப் புனைகதைத் துறையில் பெண்கள் ஓரத்தில் நின்றவர் அல்லர் என்பதற்கு இது போதிய சான்றாகும். அவ்வாறாயின், தம் காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டு விருதும் பெற்ற இவர்கள் பிற்காலத்து வரலாற்றில் மறைந்தமை எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்விலக்கிய வகை தோன்றிய சூழலை நோக்குதல் வேண்டும். ஆங்கிலேயத் துப்பறியும் கதைகள் பெரும்பாலும் நாட்டுப்புற மாளிகைகளைக் களமாகக் கொண்டவை. அங்கே கொலை என்பது ஒழுங்கான சமுதாயமொன்றில் தற்காலிகமாக நேர்ந்த ஒரு குழப்பம். மதிநுட்பம் மிக்க துப்பறிவாளர் கொலையாளியைச் சுட்டியதும் ஒழுங்கு மீண்டுவிடும். அமெரிக்காவில் 1920 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘பிளக் மாஸ்க்’ என்னும் மலிவுவிலைச் சஞ்சிகையில் இதற்கு மாறானதொரு போக்கு உருவாயிற்று. 1920 முதல் 1933 வரை நடைமுறையிலிருந்த மதுவிலக்கும், அதன் விளைவாகப் பெருகிய கள்ளக்கடத்தல் கும்பல்களும், 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் அதன் பகைப்புலமாக அமைந்தன. டஷியல் ஹமெற், றேமண்ட் சாண்ட்லர் முதலானோர் படைத்த உலகில் பொலிசாரும் நகர மேயரும் செல்வந்தரும் குற்றவாளிகளுடன் கைகோத்து நின்றனர். ஒழுங்கு மீள்வதில்லை, ஏனெனில் அது முன்னர் இருந்ததுமில்லை. நகரின் இருண்ட தெருக்களில் தனித்து நடக்கும் தனியார் துப்பறிவாளன் ஒருவனின் நேர்மை மாத்திரமே எஞ்சி நிற்கும். 1944 ஆம் ஆண்டில் ‘அற்லான்ரிக் மன்த்லி’ சஞ்சிகையில் வெளியான சாண்ட்லரின் புகழ்பெற்ற கட்டுரை இப்போக்குக்கு ஒரு கொள்கை விளக்கமாகவே அமைந்தது.

1945 இல் பாரிஸ் நகரின் கலிமார் பதிப்பகத்தார் மார்செல் துஹமேலைப் பொறுப்பாசிரியராகக் கொண்டு ஆங்கில, அமெரிக்கக் குற்ற நாவல்களின் மொழிபெயர்ப்புகளைக் கறுப்பு அட்டையுடன் ஒரு வரிசையாக வெளியிடத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் நினோ ஃபிராங்க் என்னும் விமர்சகர் இதேவகைத் திரைப்படங்களையும் அப்பெயரால் குறிப்பிட்டார். பிரெஞ்சு மொழியில் கறுப்பு எனப் பொருள்படும் ‘நுவார்’ என்னும் சொல் இவ்வாறே இலக்கிய வகையொன்றின் பெயராயிற்று.

இவ்வுலகில் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட இடம் குறுகியது. ஒன்றில் அவள் கொலையுண்ட உடலாகக் காட்சி தருவாள். அல்லது ஆணை மயக்கி அழிவுக்கு இட்டுச் செல்லும் மோகினியாக வருவாள். துப்பறிவாளனின் நேர்மை, அம்மோகினியின் வலையிற் சிக்காது தப்புவதன் வாயிலாகவே பெரும்பாலும் நிறுவப்படுகின்றது. 1930 இல் நூலுருப் பெற்ற ஹமெற்றின் ‘த மோல்ரீஸ் ஃபல்கன்’ இதற்கு மூலமாதிரி எனலாம்.

இத்தகைய சஞ்சிகை உலகிலேயே, 1936 முதல் 1940 வரை ‘பிளக் மாஸ்க்’ சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பினை ஏற்றிருந்தவர் ஃபனி எல்ஸ்வேர்த் என்னும் பெண்மணியாவார். அவருக்கு முன்னர் ஆசிரியராகவிருந்த ஜோசப் ஷா தெருச் சண்டையையும் துப்பாக்கியையும் முதன்மைப்படுத்திய கதைகளை விரும்பியவர். எல்ஸ்வேர்த்தோ கோர்னல் வுல்றிச், ஸ்ரீவ் ஃபிஷர் முதலானோரின் உளவியல் சார்ந்த, அச்சவுணர்வை மையமாகக் கொண்ட கதைகளுக்கு இடமளித்தார். கருமைப் புனைகதை வெளித்தெருவிலிருந்து உள்ளத்தின் இருளுக்குத் திரும்பிய அக்கட்டத்தில், தீர்மானிக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தார் என்பது மனங்கொளத்தக்கது.

இரண்டாம் உலக மகாயுத்தம் அமெரிக்கச் சமுதாயத்தில் பாரிய மாற்றங்களை விளைவித்தது. ஆண்கள் களம் சென்றனர். பெண்கள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கால்பதித்தனர். யுத்தம் முடிந்ததும், சம்பளம் பெற்றுத் தனித்து வாழப் பழகிய பெண் வீட்டுக்குத் திரும்புதல் வேண்டும் என வற்புறுத்தப்பட்டாள். அதேவேளை, கொல்வதற்குப் பயிற்றப்பட்ட ஆண்கள் அதே வீடுகளுக்குத் திரும்பினர். இம்முரண்பாடு பெண் எழுத்தாளர்களின் ஆக்கங்களில் கூர்மையாக வெளிப்பட்டது. ஆண் எழுத்தாளரின் நாவல்களில் ஆபத்து தெருவிலே காத்திருந்தது. பெண் எழுத்தாளரின் நாவல்களில் அது சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வந்து சேர்ந்தது.

எலிசபெத் சங்ஸே ஹோல்டிங் இவ்வகையில் முன்னோடியாவார். 1920களில் காதல் நாவல்கள் எழுதி வந்த இவர், பொருளாதார வீழ்ச்சியின் பின்னர் வருவாயின் பொருட்டுக் குற்ற நாவல்களுக்குத் திரும்பினார். 1947 இல் வெளிவந்த இவரது ‘த பிளாங்க் வோல்’ நாவலின் தலைவி லூசியா ஹோலி, கணவன் பசிபிக் யுத்தகளத்தில் இருக்க, இரு பிள்ளைகளுடனும் முதிய தந்தையுடனும் வாழும் நடுத்தர வர்க்கக் குடும்பத் தலைவி. மகளின் தகாத காதலன் இறந்து கிடக்கக் கண்ட அவள், தந்தையைக் காக்கும் பொருட்டு அவ்வுடலைத் தானே அகற்றுகின்றாள். பணம் பறிக்க வருவோரையும் அவளே எதிர்கொள்கின்றாள். கொலை, பயமுறுத்தல், பொலிஸ் விசாரணை ஆகியவற்றுக்கிடையே பங்கீட்டு முத்திரைகளைக் கொண்டு இறைச்சி வாங்குவதும், இரவுணவு தயாராகிவிட்டதா எனப் பார்ப்பதும் நிகழ்ந்தவண்ணம் உள்ளன. கணவனுக்கு அவள் எழுதும் கடிதங்களில் இவற்றுள் எதுவும் இடம்பெறுவதில்லை. குற்றத்தை மறைப்பதற்கு அவளுக்கு வேண்டிய திறமை யாவும், குடும்பம் நடத்துவதிலேயே அவள் பெற்ற திறமைதான். ஹோல்டிங்கை மர்ம எழுத்தாளர்களுள் தலைசிறந்தவராக மதித்தவர் றேமண்ட் சாண்ட்லரே என்பது கருதத்தக்கது. முன்னோடியெனப் போற்றப்படும் ஆண் எழுத்தாளர் தம்மினும் மேலாக மதித்த ஒருவர், 1997 ஆம் ஆண்டுத் தொகுதிகளில் இடம்பெறவில்லை.

வேரா கஸ்பரியின் ‘லோறா’ 1943 இல் நூலுருப் பெற்றது. விளம்பர நிறுவனமொன்றில் உயர்பதவி வகிக்கும் லோறா கொலையுண்டதாகக் கருதப்படுகின்றாள். அவளைப் பற்றி அவளது நண்பனும், விசாரணை செய்யும் பொலிஸ் அதிகாரியும் தத்தம் நோக்கில் கதை கூறுகின்றனர். ஒவ்வொருவரும் காட்டும் லோறா அவரவர் விருப்பத்தின் படைப்பே. பின்னர் லோறா உயிருடன் திரும்புகின்றாள். கதைகூறும் பொறுப்பும் அவள் கைக்கு வருகின்றது. ஆண்கள் இருவர் வரைந்த சித்திரத்தை அதற்கு உரியவளே வந்து திருத்துவதாக அமைந்த இக்கட்டமைப்பே நாவலின் கருத்துமாகும். 1944 இல் ஓட்டோ பிறெமிஞ்சர் இதனைத் திரைப்படமாக்கியபோது, லோறாவின் கதைகூறல் முற்றாக நீக்கப்பட்டது. திரையில் ஒலிக்கும் கதைகூறும் குரல் அவளுடைய ஆண் நண்பனுடையதே. லோறாவின் பாத்திரம் கையாளப்பட்ட முறை குறித்துக் கஸ்பரிக்கும் பிறெமிஞ்சருக்கும் கடும் கருத்து வேறுபாடு நிலவியது. இன்று ‘லோறா’ எனும்போது பலரது நினைவுக்கு வருவது சுவரில் தொங்கும் அழகியின் ஓவியமே. பேசிய பெண் நினைவிலிருந்து அகன்றுவிட்டாள்.

இப்போக்கின் உச்சமாகக் கொள்ளத்தக்கது, டொறத்தி ஹியூஸ் 1947 இல் எழுதிய ‘இன் எ லோன்லி பிளேஸ்’ ஆகும். 1931 இல் வெளியான கவிதைத் தொகுதியின் மூலம் எழுத்துலகில் அறிமுகமான ஹியூஸ், 1940 முதல் குற்ற நாவல்களை எழுதலானார். இந்நாவலின் மையப் பாத்திரமான டிக்ஸ் ஸ்ரீல், யுத்தத்தில் விமானியாகப் பணியாற்றித் திரும்பியவன். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழும் அவன், துப்பறியும் நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு மாமனின் பணத்தில் காலங்கழிக்கின்றான். இரவில் பெண்களைப் பின்தொடர்ந்து கழுத்தை நெரித்துக் கொல்பவனும் அவனே. கதை முழுவதும் அவனது நோக்கிலேயே செல்கின்றது. ஆயினும் ஒரு கொலையேனும் நேரே காட்டப்படுவதில்லை. பெண்ணுடலைச் சிதைத்துக் காட்டுவதில் வாசகர் பெறும் கீழ்த்தரமான இன்பத்தை ஹியூஸ் மறுத்துவிடுகின்றார். வாசகர் காண்பது கொலையாளியின் மனத்தையே: தனக்கு உரியதெனத் தான் கருதியது கிடைக்காமையால் அவனுள் எழும் ஆத்திரம், பெண் யாவரும் ஏமாற்றுக்காரிகள் என்னும் அவனது உறுதியான நம்பிக்கை, தன்மேல் அவன் கொள்ளும் இரக்கம்.

கடும்போக்குத் துப்பறியும் கதைகளை வாசித்துப் பழகியவருக்கு இம்மனநிலை புதிதன்று. மோகினியை அஞ்சி வெறுக்கும் அதே ஆண் குரலே இங்கும் ஒலிக்கின்றது. அக்குரலைத் துப்பறிவாளனிடமிருந்து எடுத்துக் கொலையாளியின் வாயில் வைத்ததே ஹியூஸ் செய்த மாற்றமாகும். டிக்ஸின் நெருங்கிய நண்பன் கொலைகளை விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி. யுத்தத்தில் உடன் இருந்தவன் என்னும் தோழமை அவனது கண்ணை மறைக்கின்றது. டிக்ஸை இனங்காண்போர் அந்நண்பனின் மனைவி சில்வியாவும், டிக்ஸின் காதலி லோறல் கிறேயுமே. நாட்டைக் காக்கச் சென்றவனே நகரத்துப் பெண்களைக் கொல்கின்றான். வேலியே பயிரை மேய்ந்த இக்கதையை, யுத்த வெற்றியின் களிப்பு அடங்காத 1947 ஆம் ஆண்டிலேயே ஹியூஸ் எழுதிவிட்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

1950 இல் நிக்கலஸ் றே இந்நாவலைத் திரைப்படமாக்கினார். ஹம்ஃப்றி போகார்ட் டிக்ஸ் ஸ்ரீலாக நடித்தார். படம் கலைத்தரம் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயின் திரையில் வரும் டிக்ஸ் முன்கோபமும் வன்முறைச் சுபாவமும் கொண்ட திரைக்கதை எழுத்தாளன். கொலை செய்தவனோ வேறொருவன். பெண்ணொருத்தி எழுதிய நாவலில் கொலையாளியாக இருந்தவன், திரையில் சந்தேகத்துக்கு ஆளாகிக் காதலை இழந்து துன்புறும் நாயகனாகிவிட்டான். பெண்களின் சந்தேகம் நாவலில் உண்மையைக் கண்டறியும் கருவியாக இருந்தது. படத்தில் அதுவே காதலைக் கொல்லும் நஞ்சாயிற்று. கருமைத் திரைப்படத்தின் வரலாற்றில் இப்படம் நிலைத்த இடம் பெற, மூலநாவல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

பெண் எழுத்தாளர் யாவரும் வீட்டையும் மனத்தையுமே களமாகக் கொண்டனர் எனக் கருதுதல் தவறாகும். லீ பிறக்கெற் 1944 இல் எழுதிய ‘நோ குட் ஃபிறம் எ கோர்ப்ஸ்’ சாண்ட்லரின் வழியில் அமைந்த கடும்போக்கு நாவல். அதனைப் படித்த திரைப்பட நெறியாளர் ஹவார்ட் ஹோக்ஸ், அந்த ஆளை அழைத்து வருமாறு பணித்தார் என்றும், வந்து நின்றவர் இளம்பெண்ணாக இருக்கக் கண்டு வியந்தார் என்றும் திரைப்பட வரலாற்றில் கூறப்படுவதுண்டு. 1946 இல் வெளியான ‘த பிக் ஸ்லீப்’ படத்துக்கு வில்லியம் ஃபோக்னர், ஜூல்ஸ் ஃபேர்த்மன் ஆகியோருடன் இணைந்து திரைக்கதை எழுதியவர் பிறக்கெற்றே. 1973 இல் சாண்ட்லரின் ‘த லோங் குட்பை’ படமானபோதும் திரைக்கதை அவருடையதே. ஆண்மையின் இலக்கணமாகக் கொள்ளப்பட்ட துப்பறிவாளன் ஃபிலிப் மார்லோ திரையில் பேசிய சொற்களில் ஒரு பகுதியை ஆக்கியவர் ஒரு பெண் என்பதை இரசிகர் பலர் அறிந்திலர்.

சித்திரக்கதைத் துறையிலும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. 1941 ஏப்ரல் 6 ஆந் திகதி முதல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஞாயிறு தோறும் வெளியான ‘மிஸ் ஃபியூறி’ என்னும் சித்திரத்தொடரை எழுதி வரைந்தவர் தார்ப்பே மில்ஸ். அவரது முதற்பெயர் ஜூன். அது பெண்பெயர் என்பது வெளிப்படையாதலால், பால் விளங்காத ‘தார்ப்பே’ என்னும் பெயரையே ஒப்பமாகக் கொண்டார். ‘பிரெண்டா ஸ்ரார்’ என்னும் பெண் பத்திரிகையாளரைத் தலைவியாகக் கொண்ட சித்திரத்தொடரை 1940 இல் தொடங்கிய டேலியா மெசிக் ‘டேல்’ எனப் பெயரை மாற்றிக்கொண்டதும் இக்காரணம் பற்றியே. மிஸ் ஃபியூறியின் தலைவி மார்லா டிறேக் செல்வச் சீமாட்டி. கருஞ்சிறுத்தைத் தோலால் ஆன உடையணிந்து இரவில் உலவுபவள். ‘வண்டர் வுமன்’ பாத்திரம் அச்சில் தோன்றுவதற்கு முன்னரே இவள் தோன்றிவிட்டாள். நாற்சி ஒற்றர்களும் கொள்ளையரும் பணம் பறிப்போரும் நிறைந்த அத்தொடரில் அவளது முதன்மை எதிரியும் பெண்ணே. எறிக்கா என்னும் அச்சீமாட்டி நெற்றியிற் சுடப்பட்ட சுவத்திகக் குறியைக் கூந்தலால் மறைத்துத் திரிபவள். சண்டையிடுவதும் சூழ்ச்சி செய்வதும் காப்பாற்றுவதும் பெண்களாகவே இருந்தமை அக்காலச் சித்திரக்கதைகளில் அரிதான அம்சமாகும்.

பற்றீசியா ஹைஸ்மித்தின் எழுத்துப் பயிற்சிக்களமும் சித்திரக்கதையே. 1942 இல் நியூயோர்க்கின் பார்னாட் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னர் பல ஆண்டுகள் அவர் சித்திரக்கதைப் பிரதிகளை எழுதியே வாழ்க்கையை நடத்தினார். பகலில் ஒரு பெயரும் இரவில் வேறொரு வேடமுமாக வாழும் நாயகர்களின் கதைகள் அவை. 1950 இல் வெளியான அவரது முதல் நாவலான ‘ஸ்ரேஞ்சர்ஸ் ஒன் எ ற்றெயின்’ இருவர் தம்முள் கொலைகளை மாற்றிக்கொள்வது பற்றியது. றிப்ளி என்னும் பாத்திரமோ பிறனொருவனைக் கொன்று அவனாகவே வாழ்பவன். சித்திரக்கதையின் இரட்டை வேடத்துக்கும் இந்நாவல்களுக்கும் இடையிலான உறவு ஆராயத்தக்கது. ஆயின் ஹைஸ்மித் தம் சித்திரக்கதைக் காலத்தைப் பிற்காலத்தில் மறைக்கவே முற்பட்டார். பெண்ணாகவும் மர்ம எழுத்தாளராகவும் இருந்து இலக்கிய மதிப்பை நாடியவருக்குச் சித்திரக்கதை மேலும் ஒரு சுமையாகவே தோன்றியிருத்தல் கூடும்.

1954 ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனை. உளநோய் மருத்துவர் ஃபிறெட்றிக் வேதாமின் நூல், சித்திரக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன எனக் குற்றஞ்சாட்டியது. செனற் சபைக் குழுவொன்றும் விசாரணை நடத்தியது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பதிப்பாளர்கள் தாமாகவே ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்துக்கொண்டனர். குற்றவாளிமேல் இரக்கம் தோன்றும்படி கதை அமைதல் ஆகாது. பொலிசார், நீதிபதிகள் முதலானோர்மீது மதிப்புக் குன்றும்படி எழுதலாகாது. ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்லுதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. கருமைப் புனைகதையின் அடிப்படை முழுவதையும் இவ்விதிகள் தடை செய்தன. அதே கோவை, காதற்கதைகள் இல்லத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்துதல் வேண்டும் எனவும் விதித்தது. இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்கின் உண்மை புலனாகும். ஹோல்டிங்கும் ஹியூஸும் கஸ்பரியும் நாவல்களில் எழுப்பிய வினாக்கள் சித்திரக்கதையில் கேட்கப்படவே முடியாத வினாக்களாயின. பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. பெண்களுக்கிருந்த வாய்ப்பும் சுருங்கிற்று.

நாவல் துறையில் இவ்வாறான வெளிப்படையான தடை இருக்கவில்லை. அங்கு மறைப்பு வேறு வழிகளால் நிகழ்ந்தது. மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, வெளியீட்டுக்களம். ‘லோறா’ முதலில் ‘கொலியர்ஸ்’ சஞ்சிகையிலும், ‘த பிளாங்க் வோல்’ சுருக்கப்பட்ட வடிவில் ‘லேடீஸ் ஹோம் ஜேர்னல்’ சஞ்சிகையிலும் வெளிவந்தன. கருமைப் புனைகதையின் வரலாற்றை எழுதியோர் அதன் ஊற்றினை ஆண்களுக்கான மலிவுச் சஞ்சிகைகளிலேயே தேடினர்; குடும்பப் பெண்கள் வாசித்த சஞ்சிகைகளைப் புரட்டிப் பார்க்கும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. இரண்டாவது, திரைப்படத்தின் செல்வாக்கு. ஆண் நெறியாளர்கள் மாற்றியமைத்த வடிவங்களே நிலைபெற்றன. டொலோறஸ் ஹிச்சின்ஸ் 1958 இல் எழுதிய ‘ஃபூல்ஸ் கோல்ட்’ நாவலை 1964 இல் பிரெஞ்சு நெறியாளர் கொடார் படமாக்கினார். படத்தின் புகழில் நூறில் ஒரு பங்கும் நாவலாசிரியரைச் சேரவில்லை. மூன்றாவதும் முதன்மையானதும் வகைப்பெயர். தெருவில் நடப்பின் அது ‘கருமை’. வீட்டில் நடப்பின் அது ‘இல்லற மர்மம்’. முன்னது சமுதாய விமர்சனமாக மதிக்கப்பட்டது. பின்னது பெண்களின் பொழுதுபோக்காகத் தள்ளப்பட்டது. இலக்கணத்தை முதலில் ஆணின் அனுபவத்திலிருந்து வகுத்துவிட்டு, பின்னர் பெண்ணின் எழுத்து அவ்விலக்கணத்துக்குள் அமையவில்லை எனக் கூறும் முறை இது.

இவ்வெழுத்தாளரின் குறைகளையும் சுட்டாது விடுதல் ஆய்வு நேர்மையாகாது. இவர்கள் காட்டிய வீடு பெரும்பாலும் வெள்ளையின நடுத்தர வர்க்கத்து வீடு. ‘த பிளாங்க் வோல்’ நாவலில் லூசியாவுக்கு உற்ற துணையாக நிற்பவள் வீட்டுப் பணியாளான சிபில் என்னும் கறுப்பினப் பெண். அவளது அறிவும் உறுதியும் வாசகருக்குப் புலப்படினும், அவளுக்கெனத் தனிக்கதை விரிவதில்லை. இவ்வெல்லையை மீற முயன்றவர் ஹியூஸே. 1963 இல் அவர் எழுதிய ‘த எக்ஸ்பென்டபிள் மான்’ நாவலில், இளம் மருத்துவன் ஒருவன் பாலைவனச் சாலையில் தனித்து நின்ற வெள்ளையினச் சிறுமியைத் தன் காரில் ஏற்றிச் செல்கின்றான். பின்னர் அவளது கொலைக்காகச் சந்தேகிக்கப்படுகின்றான். அவன் கொண்ட பேரச்சத்தின் காரணம், அவன் கறுப்பினத்தவன் என்பதைக் கதை வெளிப்படுத்தும்போதே வாசகருக்கு விளங்குகின்றது. அதுவரை அவனை வெள்ளையனாகவே கருதி வந்த வாசகர் தம் மனத்திலுள்ள முன்முடிவைத் தாமே காண நேர்கின்றது.

1970களின் பிற்பகுதி முதல் நிலைமை மெல்ல மாறலாயிற்று. பெண்நிலைவாத இயக்கத்தின் வளர்ச்சி இதற்கு உந்துவிசையாயிற்று. 1977 இல் மார்சியா மல்லரும், 1982 இல் சேறா பறெற்ஸ்கியும் சூ கிறஃப்ரனும் பெண்ணையே தனியார் துப்பறிவாளராகக் கொண்ட நாவல்களை வெளியிட்டனர். 1986 இல் பறெற்ஸ்கி முதலானோர் ‘சிஸ்ரர்ஸ் இன் கிறைம்’ என்னும் அமைப்பினை நிறுவினர். பெண்கள் எழுதும் மர்ம நாவல்களுக்குப் பத்திரிகைகள் எத்தனை மதிப்புரைகள் வெளியிடுகின்றன என்பதை எண்ணிக் கணக்கெடுத்தமை அவ்வமைப்பின் முக்கிய பணிகளுள் ஒன்று. மறைப்பு என்பது வெறும் மனக்குறையன்று, எண்ணிக் காட்டத்தக்க ஒன்று என்பதை அப்பணி நிறுவிற்று.

பழைய நூல்களும் மீண்டு வந்தன. 2003 இல் நியூயோர்க்கின் ஃபெமினிஸ்ட் பிறெஸ் பதிப்பகம் ‘இன் எ லோன்லி பிளேஸ்’ உள்ளிட்ட நாவல்களை மறுபதிப்புச் செய்யத் தொடங்கியது. சித்திரக்கதை வரைஞரும் வரலாற்றாசிரியருமான ற்றீனா றொபின்ஸின் முயற்சியால் 2011 இல் ‘மிஸ் ஃபியூறி’ நூலுருவில் மீண்டது. புதிய எழுத்திலும் இத்தொடர்ச்சி தெரிகின்றது. மேகன் அபற் 2002 இல் கடும்போக்குப் புனைகதையின் ஆண்மைக் கருத்தியலை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் தாமே கருமை நாவலாசிரியராகி, 2007 இல் ‘குயீன்பின்’ எழுதினார். அலிசன் கெய்லினுடன் இணைந்து அவர் எழுதிய ‘நோமண்டி கோல்ட்’ 2017 இல் வெளியான கருமைச் சித்திரக்கதை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைக் களமாகக் கொண்டு நாவல்கள் எழுதும் டெனிஸ் மினா 2010 இல் ‘எ சிக்னஸ் இன் த ஃபமிலி’ என்னும் சித்திரக்கதையைப் படைத்தார். ஒரு குடும்பத்தவர் ஒருவர்பின் ஒருவராக மடியும் கதை அது. 1954 இன் ஒழுக்கக் கோவை காக்க முயன்ற இல்லமே அதன் களம் என்பது நோக்கற்பாலது.

2015 இல் லைப்ரறி ஒஃப் அமெரிக்கா, சேறா வெயின்மனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1940களிலும் 1950களிலும் பெண்கள் எழுதிய எட்டுக் குற்ற நாவல்களை இரு தொகுதிகளாக வெளியிட்டது. கஸ்பரி, ஹெலன் யூஸ்ரிஸ், ஹியூஸ், ஹோல்டிங், ஆம்ஸ்றோங், ஹைஸ்மித், மில்லர், ஹிச்சின்ஸ் ஆகியோர் அவற்றில் இடம்பெற்றனர். 18 ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்த குறை ஓரளவுக்கு நிவர்த்தி செய்யப்பட்டது. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் தகும். 1997 ஆம் ஆண்டுத் தொகுதிகளின் தலைப்பில் ‘நுவார்’ என்னும் சொல் இடம்பெற்றது. 2015 ஆம் ஆண்டுத் தொகுதிகளின் தலைப்பில் ‘பெண் குற்ற எழுத்தாளர்’ என்பதும், ‘திகில்’ என்னும் பொருள்படும் வேறொரு சொல்லுமே இடம்பெற்றன. நூல்கள் அலுமாரிக்கு மீண்டுவிட்டன. தட்டு மட்டும் இன்னும் வேறாகவே உள்ளது.

தொகுத்து நோக்குமிடத்து, பெண்கள் கருமைப் புனைகதைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர் அல்லர் என்பது பெறப்படும். அவர்கள் தொடக்கம் முதலே அங்கு இருந்தனர்; ஆபத்து எங்கே வாழ்கின்றது என்னும் வினாவுக்கு வேறொரு விடையும் தந்தனர். ஊழல் மலிந்த நகரைக் கண்டு கலங்கிய ஆண் எழுத்தாளர் சமுதாயத்தின் புறத்தோற்றத்தைக் காட்டினர். நம்பிக்கைக்கு உரியவனெனக் கருதப்பட்டவனின் முகத்தை உற்றுநோக்கிய பெண் எழுத்தாளர் அச்சமுதாயத்தின் அகத்தைக் காட்டினர். இரண்டும் இணைந்ததே அவ்விலக்கிய வகையின் முழுமை. ஆதலின், ஓர் இலக்கிய வகையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதன் பெயர் எவரால், எக்காலத்தில், எவற்றை விலக்கி வகுக்கப்பட்டது என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும். அவ்விசாரணை இன்றி எழுதப்படும் வரலாறு, கையிற் கிடைத்த முதற் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நீதிமன்றத்தையே ஒக்கும்.